வெட்டாமல் விடும் புல்

“மான் படுக்கிறதுக்குப் புல்லு விதைக்கவோ உன்னை இவ்வளவு படிப்பிச்சது?” என்று சித்தப்பா கேட்டார். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள் நான். பார்ப்பவர்களிடமெல்லாம் அதைச் சொல்லித் திரிந்தவரும் அவர்தான். அந்த மான்குட்டியை அவர் மறந்திருக்க வேண்டும்.

அப்போது நான் இரண்டாம் வகுப்பில் இருந்தேன். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த பீல் நகரத்துக் கடிகாரத் தொழிற்சாலையில் வேலை செய்த அப்பாவும் சித்தப்பாவும், புல் வெட்டும் காலத்தில் சனிக்கிழமைகளில் மலையடிவாரப் பண்ணை ஒன்றுக்கு உதவிக்குப் போவார்கள். அன்று என்னையும் கூட்டிப்போனார்கள். இயந்திரம் இறங்குமுன் புல்லுக்குள் நடந்து பார்க்கும்படியும், மான்குட்டி கிடந்தால் தொடாமல் தன்னைக் கூப்பிடும்படியும் பண்ணைக்காரர் சொல்லியிருந்தார்.

இடுப்பளவு புல்லுக்குள் அது சுருண்டு கிடந்தது. நாங்கள் குனிந்தும் ஓடவில்லை.

“தாய் விட்டிட்டுப் போட்டுது, அண்ணை. ஊரிலை எண்டால் இப்பிடிக் கிடக்கிற ஆட்டுக்குட்டியை வீட்டை கொண்டுபோய்ப் பால் குடுத்து வளர்ப்பம்” என்றார் சித்தப்பா.

“அந்தாள் தொடவேண்டாம் எண்டவர்.”

“அவருக்கென்ன, மிசினை விடுற அவசரம்.”

அப்பா அதற்குமேல் மறுக்கவில்லை. குட்டி சித்தப்பாவின் ஜாக்கெட்டுக்குள் புகுந்து காருக்குப் போனது. வீடு திரும்பும் வழியில், “பள்ளிக்கூடத்திலை வாய் திறந்திடாதை. மானோடை சேர்த்து, இஞ்சை இருக்கிற எங்கடை பெர்மிட்டையும் பறிச்சுப்போடுவாங்கள்” என்று சித்தப்பா சிரித்தார். என் மடியில் அதன் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது.

அம்மா அதற்குத் திருநீறு பூசி, தம்பியின் சூப்பிப் போத்தலில் பசுப்பால் கொடுத்தார். குளியலறையில் துவாய் விரித்துப் படுக்கவைத்தோம். மாலைக்குள் அதற்கு வயிற்றால் போகத் தொடங்கியது. மறுநாள் சித்தப்பா வேறு பால் வாங்கிவந்தார். குட்டிக்குத் தலை தூக்கவே முடியவில்லை. திங்கட்கிழமை நான் பள்ளி விட்டு வந்தபோது, துவாய் தோய்த்துக் காயப்போட்டிருந்தது.

“தாய்க்கே வேண்டாத சீவன், பிள்ளை. நாங்கள் என்ன செய்யிறது?” என்றார் சித்தப்பா.

நான் நம்பினேன். முகம் தெரியாத அந்தத் தாய்மானைப் பல வருடங்கள் வெறுத்தேன்.

தாய்மான் குட்டியைப் புல்லுக்குள் மறைத்துவிட்டுப் பக்கத்திலேயே மேயும், பாலூட்ட மட்டும் வரும் என்பதைப் பிறகு பல்கலைக்கழகத்தில் படித்தேன். ஆபத்தைக் கண்டால் அது நாய்போலக் குரைக்கும் என்பதையும். அன்று நாங்கள் காரில் ஏறியபோது காட்டோரத்தில் ஏதோ விடாமல் குரைத்தது. யாருடையவோ நாய் என்று நினைத்து நான் கண்ணாடியை மேலே ஏற்றினேன்.

சித்தப்பா அப்படிக் கேட்டபோதும் இதை நான் அவருக்குச் சொல்லவில்லை. அதே காட்டோரத்தில், இந்த மண்ணுக்குரிய புல்விதைகளை என் கையால் தூவி முடித்துவிட்டேன். குட்டிகள் எழுந்து ஓடும் வயது வரும்வரை அந்தப் பக்கம் இயந்திரம் இறக்குவதில்லை என்று, இப்போது பண்ணையைப் பார்க்கும் பண்ணைக்காரரின் மகள் ஒப்புக்கொண்டிருக்கிறாள்.