கருப்புக் குஞ்சு நாலு

கலர் விஷயத்துல என் கண்ணை யாரும் குறை சொல்ல முடியாது. சிவகாசியில பட்டாசு லேபிள் அடிக்கிற அச்சாபீஸ்ல மெஷின் பார்க்கேன். தாளை வெளிச்சத்துல பிடிச்சாப் போதும், சிவப்பு ஒரு பொட்டு கூடியிருக்கா குறைஞ்சிருக்கான்னு சொல்லிருவேன். அந்தத் திமிர்லதான் விசிறிவால் சேவல் வளர்க்கவும் இறங்கினேன். சண்டைக்கு இல்லை, அழகுக்கு. வால் நீளமா இருக்கணும், மூக்கு கிளிமூக்கா வளையணும், அம்புட்டுக்கும் மேல நிறம் நிக்கணும்.

எங்க அண்ணன் வளர்த்தது நூலான். உடம்பு பூராக் கருப்பு, கழுத்துல மட்டும் வெள்ளி நூலை இழை இழையாத் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். எனக்கு ஒரு குஞ்சு குடுன்னா குடுக்க மாட்டான். தம்பின்னும் பார்க்க மாட்டான். மஞ்சக்காமாலையில அவன் போனப்புறம் கவனிக்க ஆளில்லாம ஒவ்வொண்ணாச் செத்து, கடைசியில ஒரே ஒரு பொட்டைக்கோழி மிஞ்சுச்சு. மதினி விஸ்வநத்தத்துல பயராபீஸுக்கு, அதான் பட்டாசு ஆலைக்கு, வேலைக்குப் போறவுக. விடியப் போனா பொழுதடையத்தான் வீடு. அதனால அந்தக் கோழியை எங்கிட்ட வாரத்துக்கு விட்டாக.

வாரம்னா, கோழி அவுகளது, சேவலும் தீனியும் என்னது, பொரிக்கிற குஞ்சுல ஆளுக்குப் பாதி. இதுல ஒரே ஒரு முறைமை உண்டு. குஞ்சைப் பிரிக்கிறப்ப கோழிக்குச் சொந்தக்காரவுகதான் முதல்ல எடுக்கணும். இதை எங்க பக்கம் யாரும் மீற மாட்டாக.

"உங்க அண்ணன் வளர்த்த மாதிரி ஒரு சேவல் என் வாசல்ல நின்னு கூவினாப் போதும் தம்பி. வேற ஒண்ணும் வேண்டாம்"னு கோழியைக் குடுக்கும்போதே மதினி சொல்லிட்டாக. நானும் மண்டையை மண்டையை ஆட்டினேன்.

எட்டுக் குஞ்சு பொரிச்சுச்சு. நாலு குஞ்சுக்கு முதுகுல பழுப்புக் கோடு, அச்சு விலகாம அடிச்ச தாள் மாதிரி அம்புட்டுத் திருத்தம். மத்த நாலும் அழுக்குக் கருப்பு. வயித்துலயும் றெக்கை நுனியிலயும் திட்டுத் திட்டா வெள்ளை. மை சிந்தின கழிவுத் தாள்தான் இதுன்னு பார்த்த உடனே முடிவு பண்ணிட்டேன்.

நாலாம் நாள் மதினி வந்தாக. அவுக பக்கத்து வீட்டுக் கோழி அப்பத்தான் பொரிச்சிருந்துச்சாம், அதோட சேர்த்து விட்டுரலாம்னு வந்தாக. ஆடி மாசம், தீபாவளி சீசன் வேலை ஆரம்பிச்சிருச்சு, நேரா வேலையில இருந்து வர்றாக. முழங்கை வரைக்கும் சாம்பக் கலர்ல மருந்து.

"கையெல்லாம் மருந்து தம்பி. பச்சைக் குஞ்சைத் தொடக் கூடாது. நீங்களே பிரிச்சு வைங்க."

பத்தடியில தண்ணித் தொட்டி. ஒரு செம்பு மோந்து குடுத்து, கழுவிட்டு எடுங்க மதினின்னு சொல்ல எம்புட்டு நேரமாகும்? சொல்லலை. கோடு போட்ட நாலையும் பஞ்சாரக் கூடைக்குள்ளயே விட்டுட்டு, கருப்பு நாலையும் அட்டைப்பெட்டியில போட்டு நீட்டினேன். அதோட விட்டேனா? "நல்லதா உங்களுக்கே எடுத்து வச்சிருக்கேன்"னு வேற சொன்னேன். கொஞ்சமாவது வாய் கூசணுமே, கூசலை.

மதினி பெட்டிக்குள்ள எட்டிப் பார்த்தாக. அப்புறம் என்னைப் பார்த்தாக. கண்ணு கலங்கியிருந்துச்சு. மருந்து பட்டிருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்.

மை காயுறதுக்கு முன்னாடி கலரை முடிவு பண்ணாதேன்னு புதுசா வேலைக்கு வர்றவுகளுக்குப் பாடம் எடுக்கிறவன் நான். அந்தப் புத்தி கோழிக்கூட்டுப் பக்கம் வரலையே! என்னோட நாலுல மூணு பழுப்புப் பொட்டையாப் போச்சு. ஒண்ணு சேவல், அதோட கழுத்து கலங்கின மஞ்சள். பார்க்கவே எரிச்சலா வரும்.

பொங்கலுக்குக் கரும்பு குடுக்க மதினி வீட்டுக்குப் போனேன். வாசச் சுவத்து மேல ஒரு சேவல் நிக்குது. மேலெல்லாம் கருகருன்னு, கழுத்துல வெள்ளி இழை. அண்ணன் சேவலேதான், அச்சுப் பிசகலை. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு முதல்ல வந்தது பொறாமை. வெக்கம் அதுக்கப்புறந்தான் வந்துச்சு. மதினி காப்பி போட்டுக் குடுத்தாக. பாதியில வச்சுட்டு எந்திரிச்சேன். இந்தச் சேவலைத்தானே கழிவுன்னு தள்ளிவிட்டோம், அதுவும் புருசனைப் பறிகுடுத்தவுகளுக்கு, அதுவும் நல்லதுன்னு சொல்லி. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் எல்லார்கிட்டயும் எரிஞ்சு விழுந்தேன்.

இந்த வருஷமும் அதே கோழியை அடை வச்சேன். இந்தத் தடவையும் எட்டு, பாதி கோடு, பாதி கருப்பு. இப்பவாவது முறைப்படி செய்வோம், அந்தப் பாவத்தைக் கொஞ்சமாவது கழுவுவோம்னு செம்புல தண்ணியும் சோப்பும் எடுத்து வச்சுக்கிட்டுக் காத்திருந்தேன்.

"என்ன தம்பி, மாப்பிள்ளை அழைப்பு மாதிரி தண்ணியெல்லாம் வச்சிருக்கீக"ன்னு மதினி சிரிச்சாக.

"கழுவிட்டு நீங்களே எடுங்க மதினி. முதல் கை உங்களது."

நகக்கண்ணு வரைக்கும் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினாக. பஞ்சாரத்தைத் தூக்கி, கோடு போட்ட குஞ்சு நாலையும் ஒவ்வொண்ணா எடுத்துப் பெட்டிக்குள்ள வச்சாக.

"மதினி, கருப்பை எடுங்க"ன்னு பதறிட்டேன்.

"எனக்குத் தெரியாதா தம்பி? இந்தக் கோழிக்குக் கருப்புல வர்ற சேவக்குஞ்சுதான் நூலானாகும்னு உங்க அண்ணன் படிச்சுப் படிச்சுச் சொல்லுவாக. அன்னைக்குப் பெட்டியைப் பார்த்ததுமே எனக்குப் புரிஞ்சிருச்சு. உங்களுக்கு எம்புட்டு ஆசைன்னு எனக்குத் தெரியும். ஆசையை அடக்கிக்கிட்டு நாலையும் எனக்கே விட்டுக் குடுத்தீகள்ல? இந்தத் தடவை உங்க வீட்டுல கூவட்டும்."

அப்படி இல்லை மதினின்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரி மதினி"ன்னுதான் வந்துச்சு.