பெண் – காண்க: மாயை

அச்சகத்தில் அவளை ‘அடைவம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். புத்தகத்தின் கடைசியில், எந்தச் சொல் எங்கே வருகிறது என்று பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருக்குமே, சொல்லடைவு, அதைத் தயாரிப்பதுதான் பத்தொன்பது வருடமாக அவள் பிழைப்பு. அந்தப் பக்கங்களைப் பெரும்பாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்கிறவர்களும் தங்கள் பெயர் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஒரு சொல் வரும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சீட்டாக எழுதி, செருப்பு வந்த அட்டைப்பெட்டிகளில் அகரவரிசையாக அடுக்குவாள். சாப்பாட்டு மேசை முழுக்கப் பெட்டிகள். கூட இருக்கும் தங்கை தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகி வெகுநாள் ஆயிற்று.

இந்த முறை வந்தது முந்நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு துறவியின் பாடல்கள், மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. பதிப்பாசிரியர் ஒரு பேராசிரியர். பெண்ணைப் போற்றிய கருணைக் கவி என்று முன்னுரையில் நாற்பது பக்கத்துக்கு உருகியிருந்தார். சீட்டுகள் வேறு கதை சொல்லின. ‘பெண்’ என்ற தலைப்பின் கீழ் மட்டும் அறுபத்தோரு சீட்டு: வலை, விஷம், சதைப் பை, படுகுழி. இன்னொரு பக்கம், தொண்ணூறு பாட்டில் துறவியே பெண்ணாகி, இறைவன் வரவில்லையே என்று உடல் மெலிந்து வளை கழல அழுகிறார்.

“நெஜப் பொம்பளைன்னா திட்டு, தானே பொம்பளையா வேஷம் கட்டினா உருக்கமா? நல்ல கூத்து!” என்றாள் தங்கை.

அடைவம்மாவுக்கு அதில் பெரிய கோபமில்லை. அந்தக் காலத்துத் துறவிகள் பலர் அப்படிப் பாடியவர்கள்தான். அவளை உலுக்கியது வேறொரு சீட்டு. 287ஆம் பாட்டில், தான் வீட்டை விட்டுப் போன நாளைப் பற்றி, மனைவி சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள் என்று அரை வரி சொல்லிவிட்டு அவர் கடந்துவிடுகிறார். அத்தனை பாட்டிலும் வலையாகவோ விஷமாகவோ இல்லாமல் ஒரு ஆளாக வருகிறவள் இவள் ஒருத்திதான். ‘மனைவி, 287’ என்று அழுத்தி எழுதினாள் அடைவம்மா. என்றாவது யாராவது தேடினால் இவள் கிடைக்க வேண்டும்.

பேராசிரியர் பட்டியலைப் பார்த்துவிட்டு அச்சகத்துக்கே வந்துவிட்டார்.

“என்னம்மா இது, அடைவா, குற்றப் பத்திரிகையா? அறுபத்தொண்ணையும் எடுத்துட்டு, ‘பெண் – காண்க: மாயை’ன்னு ஒரே வரியில முடிச்சிடுங்க. மனைவியும் வேண்டாம். ஒரே தடவை வர்றதுக்கெல்லாம் எதுக்கு எடம்?”

“பெண்ண மாயைக்கு அனுப்பிடறேன் சார். மனைவி மட்டும் இருக்கட்டும்.”

“ஒரு வரிக்கா இவ்வளவு பிடிவாதம்?”

“ஒரு வரிதானே சார், இருந்துட்டுப் போகட்டும்.”

அவர் சிரித்துக்கொண்டே சரி என்று தலையாட்டினார். பெண்ணை மாயைக்கு அனுப்பியதுதான் தொழிலில் அவள் தெரிந்தே செய்த முதல் பொய். அறுபத்தோரு சீட்டையும் கட்டிப் பரணில் போட்டாள்.

மூன்று மாதம் கழித்து, ஒரு மத்தியானம் புத்தகம் வந்தது. அட்டையைக்கூடப் பார்க்காமல் நேரே கடைசிப் பக்கங்களுக்குப் போனாள். ‘மனைவி – காண்க: ஆன்மா’ என்று இருந்தது. பதறிப்போய் 287ஆம் பாட்டைப் புரட்டினாள். அடிக்குறிப்பு இப்படிச் சொன்னது: ‘மனைவி என்றது இங்கே ஆன்மாவை. மூடிய உணவு, வெளிப்படாத பக்தி.’

உடனே பேராசிரியருக்கு போன் போட்டாள்.

“கடைசி நேரத்துல மாத்திட்டீங்களே சார்.”

“ஆழமாப் படிச்சா அதாம்மா பொருள். நெஜ மனைவிக்கு அந்தப் பாட்டுல என்ன வேலை?”

“ஆன்மாவுக்குச் சாப்பாட்ட மூடி வெச்சுட்டு உக்காந்திருக்க என்ன சார் வேலை?”

மறுமுனையில் அவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது: “எத்தன தடவ கூப்பிடறது? எல்லாம் ஆறிப்போச்சு, வாங்களேன்.”

“சும்மா இரு, முக்கியமான விஷயம் பேசிட்டிருக்கேன்,” என்றார் பேராசிரியர்.