தேர் திரும்பும் இடத்தில் ஒரு ஆல்பம் பாட்டு

எங்கள் தொழிலில் கேமராவுக்கு இன்சூரன்ஸ் உண்டு, கேமராமேனுக்குத்தான் கிடையாது. ஓசூரில் கல்யாணம், காதுகுத்து, கம்பெனி ஆயுதபூஜை என்று எதற்குக் கூப்பிட்டாலும் போய் எடுத்துத் தருகிறவன் நான். நடுநடுவே ஆல்பம் பாட்டும் எடுப்பேன். காதல் பாட்டு என்றால் கவலையில்லை, ஏரிக்கரையில் ஜோடியை நாலு சுற்றுச் சுற்றவிட்டு அனுப்பிவிடலாம். சமூகக் கருத்துள்ள பாட்டு என்று யாராவது வந்து நின்றால்தான் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விடலாமா என்று தோன்றும். கேமரா தூக்கிப் பிழைக்கிற சக பாவிகளுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

லொகேஷன்

கவிதா என் கடைக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிப்காட்டில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் லைனில் வேலை, ஹாஸ்டலில் தங்கல், சொந்த ஊர் கல்லாவிக்குப் பக்கம். தானே எழுதித் தானே பாடிய பாட்டைப் போனில் போட்டுக் காட்டினாள். குரல் நன்றாக இருந்தது. விஷயம்தான் எனக்கு ஆகாத விஷயம். அவள் ஊர்த் திருவிழாவில் அம்மன் தேர் எல்லாத் தெருவையும் சுற்றிக்கொண்டு ரேஷன் கடை வரைக்கும் வரும். அங்கே நின்று பார்த்தால் இவர்கள் காலனி தெரியும். ஆனால் தேர் காலனிக்குள் போகாது, ரேஷன் கடையோடு திரும்பிவிடும். 'தேரே, எங்க தெரு எந்தப் பக்கம்னு தெரியாதா' என்பது பல்லவி. அந்த ஊரிலேயே, அந்த ரேஷன் கடை முன்னாலேயே எடுக்க வேண்டுமாம்.

எனக்கு அப்போதே பயம் வந்துவிட்டது. அதை வெளியே காட்டாமல், "எதுக்கும்மா அவ்வளவு தூரம்? தளிப் பக்கம் போயிடலாம். குளுகுளுன்னு இருக்கும், பூந்தோட்டமெல்லாம் இருக்கு, ஒவ்வொரு பிரேமும் அள்ளும்" என்று ஆசை காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"தளியில எங்க தேரு திரும்பாதுங்கண்ணா."

அம்மன் பாட்டு

வெளியாட்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. பாட்டு எடுக்கும்போது, அந்த இடத்தில் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டை உரக்க ஓடவிட வேண்டும். அப்போதுதான் வாயசைப்பு சரியாக விழும். ஒரு ஷாட் சரியில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து. அதாவது எதை எடுத்தால் ஊர் கோபப்படுமோ, அதை ஊருக்கே திரும்பத் திரும்ப ஒலிபரப்பிக்கொண்டுதான் எடுத்தாக வேண்டும். கவிதா சொன்ன ரேஷன் கடை முன்னாலேயே ஸ்பீக்கரை வைத்து, நான் சத்தத்தைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தேன். கவிதாவின் வாய் ஒரு பக்கம் போனது, பாட்டு ஒரு பக்கம் போனது. வேறு வழியில்லாமல் கூட்டினேன்.

கூட்டிய கொஞ்ச நேரத்தில் மாதையன் பைக்கில் வந்து இறங்கினார். ஊரில் நிலபுலன் அதிகம் உள்ளவர், திருவிழாவை முன்னின்று நடத்துகிறவர். கவிதாவின் அப்பா பெருமாளுக்கு அவருடைய தக்காளித் தோட்டத்தில்தான் வேலை. போதாததற்கு மாதையன் மகள் கல்யாண வீடியோவும் என்னிடம்தான் பேசியிருந்தது. "என்னாத்த எடுக்கறீங்க?" என்றார். "அம்மன் பாட்டுங்க" என்று உளறிவிட்டேன். ட்ரோன் ஓட்டுகிற மஞ்சு தலையைக் குனிந்துகொண்டார். மாதையன் ரேஷன் கடைப் படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு தடவையும் பாட்டை முழுசாகக் கேட்டார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூட நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். கடைசியில் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தவர் நிதானமாகச் சொன்னார்:

"அம்மன் பாட்டுன்னா நல்லதுதான் தம்பி. ஆனா எந்தத் தெருவுக்குப் போவணும்னு அம்மனுக்கே இல்ல சொல்லித் தருது இந்தப் பாட்டு."

மஞ்சுவின் கேள்வி

மஞ்சு அத்திப்பள்ளிக்காரர். வீட்டில் கன்னடம், வேலையில் தமிழ், வண்டி ஓட்டும்போது இரண்டும். திரும்பி வரும் வழியில் அவரிடம், ட்ரோன் ஷாட்டை மட்டுமாவது வெட்டிவிடலாம், மேலிருந்து பார்த்தால் எந்த ஊர் என்று பச்சைக் குழந்தைகூடச் சொல்லிவிடும் என்று கெஞ்சினேன். அவர் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தி, அந்த ஷாட்டைப் போட்டு என் கையில் கொடுத்தார். காலனிப் பக்கம் பாதை சரியில்லை, தேர்ச் சக்கரம் இறங்கிவிடும், அதனால்தான் போவதில்லை என்று ஊரில் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். படத்தில் தார் ரோடு கருப்பாக நேரே வந்து, ரேஷன் கடையோடு நின்றிருந்தது. அதற்குப் பிறகு வெறும் செம்மண்.

"நோடி சார், பாருங்க, ரோடு இல்லைன்னு தேர் வரல்ல. சரி. ரோடு எதுக்கு வரல்லன்னு நீங்க அவங்களைக் கேட்டீங்களா?"

நான் ஏன் கேட்கப் போகிறேன். ஆனால் அந்த ஷாட்டை வெட்டவும் கை வரவில்லை.

கல்யாணக் கலர்

கல்யாண எடிட்டிங்கில் எங்களுக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. எந்த கிளிப்பைப் போட்டாலும் முதல் வேலையாக முகத்தை நாலு சுற்று வெளுப்பாக்கிவிடுவோம். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும். இதுவரை எந்தப் பெண் வீட்டாரும் வேண்டாம் என்றதில்லை. பாட்டைச் சீக்கிரம் முடித்துக் கைகழுவிவிட வேண்டும் என்ற அவசரத்தில், முழுப் பாட்டுக்கும் அந்தக் கல்யாணக் கலரை ஏற்றிவிட்டேன்.

ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு பார்க்க வந்தாள் கவிதா. திரையில் ரோஸ் நிறத்தில் ஒருத்தி ரேஷன் கடை முன்னால் நின்று பாடிக்கொண்டிருந்தாள். கவிதா முழுசாகப் பார்த்தாள். முகத்தில் கோபமெல்லாம் இல்லை.

"நல்லாத்தான் இருக்குங்கண்ணா. ஆனா இந்தப் பொண்ண எங்க தெருவுல நான் பாத்ததே இல்ல."

அழிக்கிற பட்டன்

கலரைச் சரிசெய்து, என் யூடியூப் சேனலிலேயே பாட்டை ஏற்றினோம். பாராட்டியவர்கள் நிறையப் பேர். திட்டியவர்களும் இருந்தார்கள், அதில் ஒருவர் என் கடை எங்கே என்று விசாரித்திருந்தார். தெரியாத எண்ணிலிருந்து போன் வரும், எடுத்தால் பேச மாட்டார்கள், மூச்சு மட்டும் கேட்கும். ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். மாதையன் மகள் கல்யாணம் வேறு ஸ்டூடியோவுக்குப் போனது. அதை நான் எதிர்பார்த்திருந்தேன். பெருமாளைத் தோட்டத்து வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்தியதைத்தான் எதிர்பார்க்கவில்லை. சேதியைச் சொல்லக் கவிதாவே வந்தாள். "என்னாலதானேண்ணா. அப்பா அழிச்சிடச் சொன்னா அழிச்சிடலாம்" என்றாள். உண்மையைச் சொன்னால் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. என் பயத்துக்கு மரியாதையான ஒரு காரணம் கிடைத்துவிட்டதே.

அடுத்த ஞாயிறு அவளைப் பைக்கில் கூட்டிக்கொண்டு போனேன். ரேஷன் கடைப் படியில் பேசிக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். நான் தலையைத் திருப்பவேயில்லை. பெருமாள் அப்போதுதான் பஸ் இறங்கி வந்திருந்தார். இப்போது சாமல்பட்டிப் பக்கம் ஒரு மாந்தோப்பில் வேலை, போகவர அரை நாள் பஸ்ஸிலேயே போய்விடுகிறது. போனை எடுத்து, அழிக்கிற பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டே, அழித்துவிட்டால் தோட்டத்து வேலை திரும்பக் கிடைக்கலாம், ஊரும் சமாதானமாகிவிடும் என்று விளக்கினேன். ஒருதரம் போடச் சொன்னார். கவிதா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். காலனிக்கு மேலே ட்ரோன் போகிற இடத்தில் அவர் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். பாட்டு முடிந்ததும் என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"அழிக்கறதுக்கா சார் இவ்ளோ தூரம் வந்தீங்க? எங்க தெரு வந்ததும் தெரியல, போனதும் தெரியல. அத இன்னும் கொஞ்சம் நீட்டிப் போடுங்க."

எங்கள் தொழிலில் தைரியமெல்லாம் கேமராவுக்கு முன்னால் நிற்கிறவர்களுக்கே வாய்த்துவிடுகிறது, பின்னால் நிற்கிறவனுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு ஸ்டாண்டு மட்டும் கொடுத்திருக்கிறார்கள்.