முதல் கட்டம்

ஈரக் காலுறைகளும், சூடேறிய ரப்பரும், யாரோ திறந்து வைத்த புளியோதரை டப்பாவும் கலந்த வாடை எங்கே வந்தாலும், பென்சில்வேனியா மலையடிவாரத்தில் பனிச்சறுக்குக்கு வந்தவர்கள் அடைந்துகிடந்த அந்தப் பெரிய கூடம்தான் என் கண்முன் வந்து நிற்கும். எனக்கு அப்போது பத்து வயது. எடிசன் நகரத்தில் நாங்கள் குடியிருந்த அடுக்ககத்தில் மேல் வீட்டுக்காரரான செந்தில் அங்கிள், பிப்ரவரியின் நீண்ட வாரஇறுதியில் தம் வேனில் எங்களையும் ஏற்றிக்கொண்டு போனார். அப்பா வந்ததே அதிசயம். ஓக் ட்ரீ சாலையில் ஓர் உணவகத்தில் அவர் தோசை மாஸ்டர். விடுமுறை நாள் என்றால் காலையிலிருந்து இரவு வரை கல்லின் முன்னால் நிற்க வேண்டியவர். அந்தத் திங்கட்கிழமை சமையலறைப் புகைபோக்கியைப் பழுதுபார்க்கக் கடையை மூடியிருந்தார்கள்.

"எல்லாருக்கும் ஏத்த மலை மாஸ்டர்," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார் அங்கிள். "பச்சை வட்டம் போட்ட சரிவு நமக்கு. நீலச் சதுரம் கொஞ்சம் பழகுனவங்களுக்கு. கறுப்பு டைமண்டு உயிர் மேல ஆசை இல்லாதவங்களுக்கு." அவர் அதற்கு முன்பு இரண்டே முறை சறுக்கியவர் என்பதை அவர் மகள் நிலா பின் இருக்கையிலிருந்து எங்களுக்கு விரல்விட்டுக் காட்டினாள். அவள் என் வகுப்பில்தான் படித்தாள்.

எங்கள் வீட்டில் "ஃபார்ம்" எழுதுவது என் வேலை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஆங்கிலம் படிக்க வராது. மருத்துவமனை, பள்ளிக்கூடம், குடியிருப்பு அலுவலகம் என்று எங்கிருந்து தாள் வந்தாலும், சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு என்னை உட்கார வைப்பார்கள். அம்மா பக்கத்தில் ஒரு டம்ளர் பால் வைப்பாள். நான் ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் கேட்பேன், கடைசியில் அப்பா தமிழில் கையெழுத்துப் போடுவார். அந்த வேலையில் எனக்குப் பெருமைதான், ஒரே ஒரு கேள்வியைத் தவிர. ஒவ்வோர் ஆண்டும் பள்ளிக்கூடத் தாளில் பெற்றோரின் படிப்பு என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். எங்கள் "டிக்" எப்போதும் முதல் கட்டத்தில், அதாவது எல்லாவற்றுக்கும் கீழே. அந்தக் கேள்வியை மட்டும் நான் வாய்விட்டுக் கேட்டதே இல்லை. நானே போட்டுவிட்டு, வகுப்பில் நிலா பார்த்துவிடுவாளோ என்று தாளை நாலாக மடித்துத்தான் கொடுப்பேன்.

மலையிலும் ஒரு ஃபார்ம் இருந்தது. சறுக்குப் பலகைகளை வாடகைக்கு வாங்குமிடத்தில் உயரம், எடை, வயதுக்குக் கீழே எப்படிச் சறுக்குபவர் என்று கேட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என மூன்று கட்டங்கள். அம்மா சறுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கூடத்தில் மேசை பிடித்துச் சாப்பாட்டுப் பைகளுக்குக் காவல் உட்கார்ந்துவிட்டாள். அப்பாவின் தாளும் என் தாளும் என் கையில். எனக்கு ஒன்று போட்டேன். அப்பாவுக்குப் போடும்போது பேனா கொஞ்சம் நின்றது. பக்கத்தில் நிலா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மூன்றில் "டிக்" போட்டேன். கீழே இருந்த பொடி எழுத்துகளைப் படிக்கவில்லை. கூட்ட நெரிசலில் இருந்த பணியாள் தாளைப் பார்த்தான், அப்பாவைப் பார்க்கவில்லை. பூட்ஸைப் பலகையோடு பூட்டும் பிடியைத் திருப்புளியால் முறுக்கிக் கொடுத்து, தாளின் நகலை என்னிடம் நீட்டினான்.

பயிற்சிச் சரிவில் எல்லோரும்தான் விழுந்தோம். அங்கிள் விழும்போதெல்லாம் பலகைகள் கழன்று ஆளுக்கொரு பக்கம் ஓடும், அவர் திட்டிக்கொண்டே பொறுக்கப் போவார். அப்பா விழுந்தால் மட்டும் பலகை காலோடு அப்படியே இருந்தது. இரண்டாம் முறை விழுந்தபோது உடம்பு ஒரு பக்கமும் இடது கால் ஒரு பக்கமும் திரும்பிக்கொள்ள, எழுந்து முட்டியைத் தடவிக்கொண்டார்.

"யுவர் டாட் இஸ் ஸ்டக்!" என்று நிலா சிரித்தாள்.

"என்ன மாஸ்டர், என்னோடது தொட்டாலே கழண்டுக்குது, உங்களுக்குப் பசை போட்டு ஒட்டிட்டானா?" அங்கிள் குனிந்து பிடியின் சிறு கண்ணாடிக்குள் தெரிந்த எண்ணைப் பார்த்தார். "எனக்கு அஞ்சு இருக்கு, உங்களுக்கு எட்டு! செம வெயிட்டு போல நீங்க."

"தோசையில வளந்த உடம்பு சார்," என்றார் அப்பா.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நகலை எடுத்துப் பொடி எழுத்துகளை விரல் வைத்துப் படித்தேன். மூன்றாம் கட்டம் வேகமாகச் சறுக்கப் பழகியவர்களுக்கு. விழுந்தாலும் பலகை எளிதில் கழலாது. காலில் அடிபட வாய்ப்பு அதிகம். குளிரிலும் காது சுட்டது. அப்பாவின் இரண்டு கால்களை நம்பித்தான் எங்கள் விசா, வீடு, என் பள்ளிக்கூடம் எல்லாமே நின்றன. முட்டி போனால் தோசைக்கல் போச்சு. தோசைக்கல் போனால் விமானம் ஏற வேண்டியதுதான். இது அந்த வயதிலேயே எனக்கும் தெரியும்.

நான் தலைநிமிர்ந்தபோது அப்பாவும் அங்கிளும் மேல் சரிவுக்குப் போகும் தொங்குநாற்காலி வரிசையில் நின்றிருந்தார்கள். நிலா என் பக்கத்திலேயே நின்றாள். சொன்னால் அவளுக்கும் கேட்கும். ஒரு நாற்காலி போனது. இன்னொன்று போனது. அப்பா அடுத்தது என்று காலை நகர்த்தியபோது, அந்த முரட்டுப் பூட்ஸோடு தடதடவென்று ஓடினேன்.

"அப்பா, ஏறாதீங்கப்பா! நான் பொய் எழுதிட்டேன்!"

வரிசையே திரும்பிப் பார்த்தது. அப்பா ஒதுங்கி வந்தார், அங்கிளும் வந்தார். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அப்பா தம் முட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பனியை நான் ஃப்ரீசர்லதான்டா பாத்திருக்கேன், என்னையப் போயா! நல்லவேளை, போன மாசம் டாக்டர் ஃபார்ம்ல எனக்குப் பிரசவம்னு போடாம விட்டியே!"

அங்கிள் பனியிலேயே உட்கார்ந்து சிரித்தார். அப்பா மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "எதுக்குடா அப்படிப் போட்ட?"

"எல்லா ஃபார்ம்லயும் உங்களுக்கு முதல் கட்டந்தாம்பா போடுறேன். ஒண்ணுலயாவது…" என்றேன். நிலா தன் கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பலகைகளைத் தோளில் சுமந்துகொண்டு அப்பாவும் நானும் வாடகை அறைக்குத் திரும்பி நடந்தோம். பாதி வழியில், ஸ்கூல் ஃபார்மில் என்ன எழுதுவாய் என்று கேட்டார்.

"ஹைஸ்கூலுக்குக் கீழன்னு."

அவர் பலகைகளைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"ரெண்டாங்கிளாஸ் முடிச்சிருக்கேன்டா. அதுக்குன்னு தனியாக் கட்டம் இல்லையா?"

"இல்லப்பா."

"இருந்திருக்கணும்," என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

புதுத் தாளில் நான் காட்டிய முதல் கட்டத்தில் அவரே பேனாவை அழுத்தி "டிக்" போட்டு, கீழே தமிழில் கையெழுத்தும் போட்டார். பிடியின் கண்ணாடிக்குள் எட்டு ஐந்தானது. சரிவுக்குத் திரும்பிய அப்பா பத்தடி போய் விழுந்தார், பலகை படக்கென்று கழன்று ஓடியது, "கழண்டுருச்சு! டேய், கழண்டுருச்சு!" என்று இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார். கூடத்தின் கண்ணாடி வழியாகப் பார்த்த அம்மா, விழுந்ததற்கு இப்படிக் கூத்தாடுகிற மனுஷனை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று சாப்பிடும்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். மாலைக்குள் ஒரே ஒரு தடவை அவர் பச்சை வட்டச் சரிவு முழுவதையும் விழாமல் இறங்கினார். மறுநாள் காலை, லேசாக நொண்டிக்கொண்டே, கல்லின் முன்னால் நின்றார்.

அன்று மேலங்கியின் ஜிப்பில் கம்பி கோத்து மாட்டிய, தொங்குநாற்காலிக்கான காகித டிக்கெட்டை அப்பா ஏழெட்டுக் குளிர்காலம் கழற்றவில்லை. உணவகத்துக்கு வருபவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், ஸ்கீ எல்லாம் பண்ணுவீங்களா?" என்று கேட்டால், "ஃபர்ஸ்ட் கட்டம் சார்" என்பார். அவர்களுக்கு ஒன்றும் புரியாது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான் ஆனேன். போன மாதம் அப்பாவோடு அதே மலைக்குப் போகப் பதிவு செய்தேன். இப்போது காகித டிக்கெட் கிடையாது; சட்டைப்பையில் ஓர் அட்டை, அதை இயந்திரமே கண்டுகொள்கிறது. பொடி எழுத்துத் தாளும் நகலும் இல்லை, எல்லாம் கைப்பேசியில். பனிகூடப் பாதி இயந்திரம் ஊதியது என்கிறார்கள். சாப்பாட்டு மேசையும் பால் டம்ளரும் இல்லாமல், ரயிலில் நின்றபடியே படிவத்தை நிரப்பிக்கொண்டு போனவன், அப்பாவின் பெயருக்குக் கீழே வந்த கேள்வியில் நின்று அவருக்குப் போன் செய்தேன்.

"அப்பா, உங்க லெவல் என்னன்னு கேக்குது. என்ன போட?"

"இந்தத் தடவை மாத்திப் போட்டுடாத," என்று சிரித்தார். அந்தப் பக்கம் மாவு கல்லில் விழும் சத்தம் கேட்டது. "ஒரு தடவை வந்து இறங்கியிருக்கேன்ல? அப்ப ரெண்டாங்கிளாஸ். அதுக்குக் கட்டம் இருக்கா பாரு."

திரையை மேலே தள்ளிப் பார்த்தேன். முதன்முறை வருபவர் என்பதற்கு அடுத்த வரியில், ஓரிரு முறை சறுக்கியவர் என்று தனியாக ஒரு கட்டம்.

"இருக்குப்பா," என்றேன்.