கண்ணாடிப் பெட்டியின் தாலாட்டு

என் மகள் ஏழாம் மாதமே பிறந்துவிட்டாள். நாற்பத்தெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர் என்ற கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். பக்கவாட்டு ஓட்டை வழியாகக் கையை விட்டு ஒரு விரலால் தொட மட்டும்தான் எனக்கு அனுமதி. பெட்டி அவளுக்குச் சூடு கொடுத்தது, ஓயாமல் உம்மென்று முனகியது. அதன் சுவரில் உள்ளங்கையை விரித்து ஒட்டவைத்தபடி தூங்குவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெற்றவள் நான், இது யார் நடுவில்?

ராயபுரத்து வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகியும் அவள் என்னிடம் ஒட்டவில்லை. பால் குடித்ததும் உடம்பை வளைத்துக்கொண்டு, தெருமுனை கண்டெய்னர் லாரிகளின் ஹாரனையும் மிஞ்சிக் கத்துவாள். தூளி, பாட்டு, மாதாவுக்கு மெழுகுவத்தி, ஒன்றும் எடுபடவில்லை.

ஒரு மத்தியானம், துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் கணவர் ஷிப்டு முடிந்து வந்து டிவியைப் போட்டார். தமிழ் பேசும் ஏதோ வெளிநாட்டு சீரியல். வருங்காலக் கதையாம். வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள், உள்ளே மிதக்கும் குழந்தைகள், தாய் என்று ஒருத்தியும் இல்லை. தொட்டிகள் உம்மென்று முனகின.

என் தோளில் கத்திக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். தலையைத் திருப்பி டிவியைப் பார்த்தாள். விளம்பரம் வந்ததும் வீறிட்டாள். சீரியல் திரும்ப வந்ததும் அவளுக்குக் கண் செருகியது.

"இன்னாமே, டிவி தூங்க வெச்சிடுச்சு!" என்று சிரித்தார்.

"சிரிக்காதய்யா. அத்த ஆஃப் பண்ணு."

"பண்ணா முய்ச்சிக்கும். வுடு, தூங்கட்டும்."

அவளை யாரோ கூப்பிடுவது போலவும், அவளும் போய்விட்டது போலவும் எனக்கு இருந்தது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மறுநாளிலிருந்து நானே டிவியைப் போட்டேன். இரண்டு வாரத்தில் சீரியல் முடிந்துவிட்டது. அன்று அவள் கத்திய கத்தலில் உதடு நீலம் பாரித்தது. வேறு வழி தெரியாமல் மார்போடு அணைத்து, வாயை மூடிக்கொண்டு, தொண்டையிலிருந்து அந்த உம்மென்ற சத்தத்தை எழுப்பினேன். என் நெஞ்சு அதிர்ந்தது. அவள் அடங்கினாள். முதல்முறையாக என்மேல் தூங்கினாள். ஜெயித்துவிட்டேன் என்று அழுதேன்.

இப்போது ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். "அம்மா, உம்மு பண்ணு" என்று இன்றும் வந்து படுப்பாள். நான் முனகுவேன். கண் மூடியதும் அவள் கை மெல்ல என் நெஞ்சுக்கு வரும். கட்டிக்கொள்ள மாட்டாள். உள்ளங்கையை விரித்து ஒட்டவைப்பாள்.