டூ ஃபோர் வளையல்

அவளுக்கு விசா வந்துவிட்டது, எனக்கு வரவில்லை. என் பொறாமைக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவைப்படவில்லை.

அவள் பிரிக்பீல்ட்ஸ்காரி. நான் கிள்ளான். எங்கள் கணவர்கள் இருவரும் மெல்பர்னில் ஒரே வாடகை வீட்டில் இருந்தார்கள். மனைவியை அழைத்துக்கொள்ள ஒரே மாதத்தில் மனுப் போட்டார்கள். விசாவுக்கான மருத்துவப் பரிசோதனைக்கு நாங்கள் இருவரும் ஒன்றாகவே போனோம். எக்ஸ்ரே அறை வாசலில் தாதி, "மாசமா இருக்கீங்களா?" என்று கேட்டார். இரண்டு மாதம் என்றேன். தீபாவளி லீவுக்கு என் கணவர் வந்துபோனதன் பலன்.

வயிற்றை மூடிக்கொண்டு எடுக்கலாம், பயமாக இருந்தால் பிரசவத்துக்குப் பிறகு எடுக்கலாம் என்றார்கள். அம்மாவுக்குப் போன் செய்தேன். "புள்ளய வயித்துல வச்சிக்கிட்டு எக்ஸ்ரேயா? பேசாம வீட்டுக்கு வந்துரு!" என்று கத்தினார். வந்துவிட்டேன். அவள் உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் வெளியே வந்தாள். என் கோப்பு, பிள்ளை பிறந்து எக்ஸ்ரே எடுக்கும்வரை அப்படியே நின்றுவிட்டது.

பிரசவத்தின்போது அவர் பக்கத்தில் இருக்க வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் ஆசை. அவருக்கோ லீவு முடிந்துவிட்டது. இனி அந்த வீட்டில் அவள் சமைப்பாள், என் கணவர் சாப்பிடுவார். தினமும் என் கணவரின் முகத்தைப் பார்க்கப் போகிறவள் அவள். நினைத்தாலே வயிறு எரிந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்கு இது ஆகாது என்று தெரியும். தெரிந்தால் மட்டும் அணைந்துவிடுமா?

ஏழாம் மாதம் வளைகாப்பு. விமானம் ஏற ஒரு வாரம்கூட இல்லாத நேரத்தில், அவள் கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்கு வந்து நின்றாள். சூட்கேஸ் என்ன நிறம் வாங்கினாள் என்பதுவரை சொன்னாள். நான் சிரித்துச் சிரித்துக் கேட்டேன்.

கல்யாணமாகி நான்கு வருடமாகியும் அவளுக்குக் குழந்தை இல்லை. அம்மா அவளை என் பக்கத்தில் உட்கார வைத்தார். "இவளுக்கும் அடுத்த வருஷம் வளைகாப்பு நடக்கணும். உன் கையால போட்டு விடுமா."

தட்டில் இரண்டு அளவில் கண்ணாடி வளையல்கள் இருந்தன. அவள் கைக்கு டூ சிக்ஸ் வேண்டும் என்று பார்த்ததுமே தெரிந்தது. நான் அதைவிடச் சின்ன அளவான டூ ஃபோரை எடுத்தேன். வேண்டுமென்றேதான் எடுத்தேன். எல்லாமே உனக்குச் சுலபமாக நடந்துவிட வேண்டுமா என்றிருந்தது.

வளையல் விரல் முட்டியிலேயே நின்றுவிட்டது. "அளவு பத்தலையே, வேற எடு," என்றார் அம்மா. நான் கை நீட்டுவதற்குள் அவள் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

"வேணாம் ஆன்டி. எடுத்தத மாத்தக் கூடாது. அக்கா, நீங்க அமுக்கிப் போடுங்க, பரவால்ல லா."

அமுக்கினேன். தோல் உரிந்து, முட்டியில் ரத்தம் துளிர்த்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னொரு கைக்கும்," என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அப்போதுதான் அவள் பார்வை என் முகத்தில் இல்லை, என் வயிற்றில் இருக்கிறது என்று கவனித்தேன். வீடு கொள்ளாத கூட்டத்துக்கு விருந்து நடந்த அந்த நாளில் என்னால் ஒரு வாய் சோறு தின்ன முடியவில்லை.

இரண்டு வாரம் கழித்து என் கணவர் மெல்பர்னிலிருந்து வீடியோவில் அழைத்தார். அந்த வீட்டுச் சமையலறை. தட்டில் ரசம் சோறு.

"ரசம் நல்லாருக்கா?" என்று கேட்டேன்.

"உன்னோடது மாதிரி இல்ல," என்றார். பொய்தான், ஆனால் பிடித்திருந்தது.

பின்னால் அவள் எட்டிப் பார்த்துக் கையை ஆட்டினாள். வளையல்கள் அப்படியே இருந்தன.

"சோப்பு போட்டும் கழட்ட முடியல அக்கா. நான் கழட்டவும் மாட்டேன். எனக்குப் பொறக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்."

அவள் முட்டியில் காய்ந்த தழும்பு தெரிந்தது. தெரிந்தேதான் சின்னதை எடுத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "டூ சிக்ஸ் இங்க நெறைய இருக்கு. வரும்போது கொண்டு வரேன்," என்றேன்.

எப்போது வருகிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. என் கணவரின் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். எனக்கு மறுபடியும் எரிந்தது.