என் நகத்துக் கறுப்பு

மகளின் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின வாரம் சம்பந்தியம்மா போன் செய்தார். நிலக்கரி மைன்ஸ் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருப்பவர்; கணவருக்கு மைன்ஸில் பெர்மனென்ட் வேலை. நல்ல மனுஷிதான். அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. தட்டு மாத்துறப்போ நம்ம ரெண்டு பேர் கையையும் கிட்ட வச்சு போட்டோ எடுப்பாங்க. நகத்தைக் கொஞ்சம் பார்த்துக்குங்க."

என் நகத்துக்கு என்ன? நான் அதே மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை செய்கிறேன். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியை வாரிப் போடுவதுதான் என் வேலை. கரித்தூள் நக இடுக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கையுறை கிழிந்தால் அடுத்தது வரும்வரை வெறுங்கைதான். எங்கள் ஷிஃப்டில் எல்லாருக்கும் இதே நகம்தான். வீட்டில் விசேஷம் என்றால் முதல் நாள் டீசலில் விரலை ஊறவைத்து, துணி துவைக்கிற பவுடரைப் போட்டு பிரஷ்ஷால் தேய்ப்போம். நகத்தைச் சுற்றித் தோல் வெடித்து ரத்தம் வரும், கறுப்பு மட்டும் போகாது. அது தெரிந்தும் நானும் தேய்த்தேன்.

என் விரலைப் பார்த்த மகள், "எம்மா, இது வேலைக்கு ஆவாது" என்று மந்தாரக்குப்பத்தில் ஒரு பார்லருக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே ஒரு பெண் சின்ன மெஷினை ஓடவிட்டு என் நகத்தின் மேல்பக்கத்தைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

"சுடுது பாப்பா" என்றேன்.

"அப்படித்தான் இருக்கும் ஆன்ட்டி. சுரண்டினாத்தான் ஒட்டும்."

நீளமான ரோஸ் கலர் நகங்களை ஒட்டி அனுப்பினாள். அந்தக் கையால் ஒரு ஊக்கைக்கூடப் போட முடியவில்லை. சோறு பிசைய முடியவில்லை. நிச்சயதார்த்தத்தில் போட்டோக்காரர், "சூப்பர் ஆன்ட்டி, அப்படியே பிடிங்க" என்றார். சம்பந்தியம்மா சந்தோஷமாக என் கையை அழுத்தினார். வலியில் எனக்குக் கண்ணீர் வந்தது. மகளை நினைத்து அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் வேலைக்குப் போக வேண்டும். அந்த நகத்தோடு மண்வெட்டி பிடிக்க முடியாது. ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்தேன். கூடவே என் நகமும் ஏடு ஏடாக உரிந்து வந்தது. மிச்சம் இருந்தது வெங்காயத் தோல் மாதிரி இருந்தது. அதில் ஈரமும் கரித்தூளும் இறங்கி, கட்டைவிரல் வீங்கிச் சீழ் வைத்தது. மண்வெட்டியைப் பிடிக்க முடியாமல் நின்றதை சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். "கை சரியாவுற வரைக்கும் வூட்டுல இருங்க. லேட்டானா வேற ஆளு போடுவாங்க, பார்த்துக்குங்க" என்றார்.

கடலூரில் தோல் டாக்டரிடம் போனேன். மெஷின் போட்டுச் சுரண்டியதும் தப்பு, பிய்த்ததும் தப்பு என்றார். ஒட்டின பார்லருக்கே போய் ஊறவைத்து எடுத்திருக்க வேண்டுமாம். "நகத்தை ஒட்ட வெட்டிக்குங்க. சாதாரண சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைச்சு தேங்காய் எண்ணெய் தடவுங்க. ரப்பர் கையுறைக்குள்ள பருத்தி கையுறை போடுங்க. அழகுக்கு மருதாணி போதும். டீசல் பக்கமே போகாதீங்க."

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒட்டினவள் இதை ஏன் சொல்லவில்லை? கரியால் பிழைக்கிற ஊரில் கரி பட்ட விரலுக்கு எதற்கு வெட்கம்? என் நகத்தைச் சுரண்டிய மெஷின்கூட நாங்கள் வாரிய கரியில் வந்த கரண்ட்டில்தான் ஓடியது. என் விரல் மட்டும் யார் கண்ணிலும் படக்கூடாதாம்.

நல்லவேளை, வேறு ஆள் போடுவதற்குள் கை தேறி வேலைக்குத் திரும்பிவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் சம்பந்தியம்மாவிடமிருந்து மறுபடியும் போன். "ஒரு நாளைக்கு நகம் ஒட்டிக்கிறதுதானே சம்பந்தி?"

"முடியாதுங்க. மருதாணி வெச்சிக்கிறேன். அதுக்கு மேல ஒண்ணும் கேக்காதீங்க."

மகள் என்னோடு பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கும் கோபம் குறையவில்லை. பாதி வளர்ந்த நகமும், ஓரத்தில் கறுப்புக் கோடும், மருதாணிச் சிவப்புமாக மணவறையில் நின்றேன். தாரை வார்க்கும்போது மகள் கை என் கைமேல் இருந்தது. தண்ணீர் விழும்போது அவள் விரல் என் கட்டைவிரலைத் தேடிப் பிடித்துக்கொண்டது. மெதுவாக, வலிக்காமல் பிடித்தாள்.

ஆல்பம் வந்தது. அந்தப் படத்தைத்தான் முதலில் தேடினேன். மகள் கைக்குக் கீழே வெள்ளை வெளேரென்று ஒரு கை. கறுப்புக் கோடு இல்லை, மேடும் பள்ளமுமான கட்டைவிரல் நகம் இல்லை. ஆல்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனேன்.

"யாரு இப்டி பண்ணச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல ஆன்ட்டி. நகம் அழுக்கா தெரிஞ்சுது, நானே கம்ப்யூட்டர்ல க்ளீன் பண்ணிட்டேன். அதுக்குத் தனியா காசு வேணாம்."

கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"இதுல எவளோ ஒருத்தி எம் பொண்ணத் தாரை வாத்துக் குடுத்துகினு நிக்கிறா. பெத்தவ நானு. என் கையத் திருப்பி வெச்சிக் குடு!"